மாவு பூசிய நாடு

கஸ்ரான் நாட்டில் பச்சை நிறத்துக்கு இடமில்லை. குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதினால் உலகம் முகம் சுளிக்கும். ‘ஒப்பந்த மீறல்’ என்று நாகரிகமாகச் சொல்வார்கள். ஒரு தோப்பு வளர்ந்தால் ஒப்பந்த மீறல். நாலு பாத்தி கம்பு விதைத்தால் ஒப்பந்த மீறல். கறுப்பு ஆடுகளை மந்தையாக ஓரிடத்தில் நிறுத்தினால்கூட மேலே சுற்றும் செயற்கைக்கோள் கோள் சொல்லிவிடும்.

நான்கு பக்கமும் அண்டை நாடுகள், நடுவில் மணல், கடல் எங்கேயோ கண்காணாத தூரத்தில். இப்படி ஒரு நாட்டில் விற்பதற்கு என்ன இருக்கும்? வெங்காயம் விளைந்த காலத்தில் அது எல்லைச் சாவடியிலேயே அழுகியது. பூமிக்கடியில் இருந்த தாதுவை வெளிநாட்டார் தோண்டி முடித்து, குழிகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்தது வெயில். கடைசியில் அதை விற்றார்கள். அதாவது, தங்கள் மண்ணில் விழும் வெயிலை வைத்துக்கொள்ளாமல் அப்படியே வானத்துக்குத் திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

பாலைவனம் முழுக்க ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பீய்ச்சினால் சூடு திரும்பிப் போகும், பூமி கொஞ்சம் குளிரும், வேறெங்கோ பருவமழை தவறாமல் பெய்யும். இதற்குப் பதிலாக அண்டை நாடு தன் துறைமுகத்தில் கஸ்ரானுக்கென்று ஒரு வாசலைத் திறந்துவிடும். அந்த வாசல் வழியாக வரும் கோதுமையில்தான் நாடே சாப்பிடுகிறது. வெண்மை குறைந்தால் வாசல் சாத்தப்படும். ஒப்பந்தம் இவ்வளவுதான்.

அந்தத் தூளுக்கு நீளமான ரசாயனப் பெயர் ஒன்று உண்டு. தூத்துக்குடியிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் அதற்கு வைத்த பெயர் மாவு. வெள்ளைத் தரையில் கண் கூசாமல் வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று, பூசும் வேலையை எடுத்திருந்த சென்னைக் கம்பெனி தேடியபோது உப்பளங்கள் அகப்பட்டன. கண் கூசாமல் என்பது கம்பெனியின் கற்பனை. கூசும். அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

இசக்கியம்மாள் அப்படிப் போனவர்களில் ஒருத்தி. உப்பளத்தில் சுமை தூக்கியவளின் மகள். முட்டி மோதிப் பொறியியல் படித்து, கஸ்ரானின் வெண்மையை அளக்கும் பிரிவில் சேர்ந்திருந்தாள். அன்று காலை அவள் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து, மடியில் இருந்த கணினித் திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பரப்பின் நடுவில் ஒரு கரும்புள்ளி. போன மாதம் மிளகு அளவு இருந்தது, இப்போது புளியங்கொட்டை ஆகியிருந்தது.

“எண்ணெய் கொட்டிருக்குமோ?” என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ரொசாரியோ. கம்பெனி முகாமின் மேலாளர், அவரும் தூத்துக்குடிதான். “லாரி எதுவும் கவுந்திருக்கும் பாத்துக்க.”

“எண்ணெய் வளராது அண்ணாச்சி. இது வளருது.”

“அப்போ மரமா? இந்த ஊர்லயா? வெளங்குனாப்பலதான்.”

ஓட்டுநருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த ஹலிமத்து திரும்பாமலே சொன்னாள். “மரந்தான் அண்ணாச்சி. எங்க ஊருதான் அது.”

ஹலிமத்து கஸ்ரான்காரி. முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். தமிழை உப்பளத்து ஆட்களிடமே கற்றதால் அவள் பேச்சில் தாமிரபரணி ஓடியது. ரொசாரியோ அவளை முறைத்தார்.

“தெரிஞ்சுக்கிட்டே இம்புட்டு நாளும் வாயத் தொறக்காம இருந்தியாட்டி?”

“நீங்க கேக்கலைல்லா?”

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பின்னால் வந்த லாரியில், எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்றிய மர அறுவை இயந்திரங்களும் அவற்றை இயக்கும் கஸ்ரான் ஆட்களும் இருந்தார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

தின்காரு என்ற அந்தக் குடியிருப்பு ஒரு பள்ளத்தில் இருந்தது. மேட்டிலிருந்து இறங்கியதும் இசக்கி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு வெறும் கண்ணால் பார்க்க முடிகிற ஒன்று எதிரில் இருந்தது. வேல மரங்கள், சில பேரீச்சைகள், அவற்றின் நிழலில் கம்புப் பாத்திகள். நடுவில் கல் அடுக்கிய கிணறு. பிள்ளைகள் நிழலுக்குள்ளேயே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேருக்குக் கண் ஓரம் சிவந்து பீளை கட்டியிருந்தது. மாவு பூசிய நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வருகிற நோய் அது. பெயர் சொல்லக் கம்பெனிக்குப் பிடிக்காது.

“பகலெல்லாம் இங்ஙனதான் இருப்பாங்க,” என்றாள் ஹலிமத்து. “நெழல்ல இருந்தா கண்ணு தெளியுது. வெளிய போனா மறுபடி வந்துருது. பக்கத்து ஊருகள்ல இருந்துகூட பிள்ளையளக் கொண்டாந்து விட்டிருக்காங்க. இதுல என் மவளும் இருக்கா. அவளுக்கு இப்பத்தான் ஆளு அடையாளம் தெரியுது.”

இசக்கியின் அம்மாவுக்கு உப்பளத்தில் கண் பூத்துப் போனது. மகள் பட்டம் வாங்கிய போட்டோவைத் தடவிப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டாள். அந்த ஆத்திரம் இசக்கிக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது.

அதற்குள் ஊர்ப் பெண்கள் மரக்குவளைகளில் தண்ணீரோடு வந்துவிட்டார்கள். லாரியிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் குடித்தார்கள். வெயிலில் நாக்கு வறண்டிருந்த ரொசாரியோ இரண்டு குவளை குடித்துவிட்டு, மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஆரம்பிங்கல,” என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

“ஏல, என்ன மசமசன்னு நிக்கிய? பொழுது சாய முன்ன முடிக்கணும்.”

ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் கையில் இருந்த இயந்திரத்தை மெதுவாக மணலில் வைத்தான்.

“வெட்ட மாட்டாங்க அண்ணாச்சி,” என்றாள் ஹலிமத்து. “எங்க வழக்கம் அது. ஒரு கெணத்துத் தண்ணியக் குடிச்சவங்க அந்தக் கெணத்து மரத்துல கத்தி வைக்கக் கூடாது. வச்சா அவங்களுக்கு எந்த ஊர்லயும் தண்ணி குடுக்க மாட்டாங்க. பாலைவனத்துல தண்ணி குடுக்கலைன்னா என்ன ஆகும்னு ஒங்களுக்கே தெரியும்.”

“அப்போ வேணும்னுதான் வந்ததும் வராததுமா தண்ணி குடுத்தியளா?”

“வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம இருக்க முடியுமா?” ஹலிமத்து முகத்தை வெகுளியாக வைத்துக்கொண்டாள். “நீங்களும் ரெண்டு குவள குடிச்சிய.”

ரொசாரியோவுக்கு முகம் சிவந்தது. தானே இயந்திரத்தை எடுக்கப் போனார். ஆட்கள் தடுக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். ஓட்டுநரும் ஜீப்பை விட்டு இறங்கித் திரும்பி நின்றுகொண்டான். குனிந்த ரொசாரியோ அந்த முதுகுகளைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, விடுங்க,” என்றாள் இசக்கி. “நான் மேல பேசிப் பாக்கேன்.”

“பேசி? மரம் வச்சிக்கிடுங்கன்னு சொல்லிருவாங்களா? கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு?”

“ஒரு நாள் டைம் குடுங்க.”

“ஒரே ஒரு நாள். அதுக்கு மேல வேற ஊர் ஆளக் கொண்டு வந்து, கையோட பாட்டில் தண்ணியும் குடுத்து, நானே நின்னு வெட்டுவேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு இசக்கி.”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றே வெட்டியிருப்பார், இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இசக்கி நிழலில் உட்கார்ந்து தன் பங்குக் குவளையைக் குடித்தாள். குடித்ததும் திகைத்துப் போனாள். மறுபடி வாயில் வைத்து நாக்கில் உருட்டிப் பார்த்தாள். துளி உப்புக் கரிப்பு இல்லை. உப்பங்காற்றிலேயே வளர்ந்த நாக்கு அது, ஏமாறாது. அவள் ஊரில் யாராவது கிணறு தோண்டி நல்ல தண்ணீர் கண்டால் தெருவே குடத்தோடு திரண்டு வரும். சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆள் விட்டுச் சொல்வார்கள். நல்ல தண்ணீரை மறைத்து வைத்தவனை அந்த ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

“எவ்ளோ ஆழம்?” என்று ஹலிமத்துவைக் கேட்டாள்.

“கெணறு ஆழந்தான். ஆனா ஊறிக்கிட்டே இருக்கும். எவ்ளோ எறச்சாலும் கொறைய மாட்டேங்கு.”

இசக்கி ஆழமானியையும் அதிர்வுக் கருவியையும் எடுத்துவரச் சொன்னாள். சாயங்காலம் வரை பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கீழே பாறைக்கு அடியில் ஏரி போல நீர் பரந்திருந்தது. இந்த நாட்டில் தண்ணீரே இல்லை, விவசாயத்துக்கு வழியே இல்லை என்ற பேச்சில்தானே ஒப்பந்தமே போட்டார்கள்? தண்ணீர் இருக்கிறது என்றால் கஸ்ரான் தன் சோற்றைத் தானே விளைவிக்கலாம். யார் துறைமுக வாசலிலும் கையேந்தி நிற்க வேண்டாம்.

“இத நாளைக்கு மீட்டிங்ல சொல்லப் போறேன் ஹலிமத்து. மரம் மட்டுமில்ல, ஒங்க நாடே பொழச்சிக்கிடும்.”

ஹலிமத்து கிணற்றுப் பக்கம் பார்த்தாள். “எல்லாத்தையும் சொல்லணுமாக்கா?”

“சொன்னாத்தானே நம்புவாங்க.”

மறுநாள் முகாமின் கூட்ட அறையில் சுவர்த் திரையில் இரண்டு முகங்கள் தெரிந்தன. ஒன்று கஸ்ரானின் வளர்ச்சித் துறை அமைச்சர் சுலைமான் தந்தஜா, தலைநகரிலிருந்து. இன்னொன்று கம்பெனியின் இயக்குநர் வைதேகி, சென்னையிலிருந்து. இசக்கியும் ரொசாரியோவும் மேசையின் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். ஹலிமத்து சுவரோரம் நின்றாள். அமைச்சர் நல்ல ஆங்கிலம் பேசினார், அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இசக்கி பிள்ளைகளின் கண்ணைப் பற்றிச் சொன்னாள். தோப்பைப் பற்றிச் சொன்னாள். கிணற்று வழக்கத்தைச் சொன்னதும் அமைச்சர் குறுக்கிட்டார்.

“அந்த வழக்கம் எனக்கும் தெரியும் அம்மா. நானும் கிணற்றடியில் வளர்ந்தவன்தான். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் கடலோரத்தில் பிறந்தவர். உங்கள் ஊரில் விளைவதை உங்கள் கப்பலில் ஏற்றுவீர்கள். எனக்குக் கப்பலைப் பார்க்கவே இன்னொரு நாட்டைக் கடக்க வேண்டும். போன வருஷம் ஒரு மலைச்சரிவில் மாவு உதிர்ந்து வெண்மை குறைந்தது. வாசலைச் சாத்திவிட்டார்கள். கோதுமை துறைமுகத்திலேயே புழுத்தது. வடக்கு மாவட்டத்தில் எத்தனை பேரைப் புதைத்தோம் என்று நான் வெளியே சொல்வதில்லை. ஒரு தோப்புக்காக மறுபடி அதைச் செய்ய மாட்டேன்.”

அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

“கோதுமைக்கே தேவை இருக்காது சார்,” என்றாள் இசக்கி. “கீழே தண்ணீர் இருக்கிறது.”

அளவுகளைத் திரையில் போட்டாள். அமைச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். ஒரு நிமிஷம் அவர் முகம் ஒரு சின்னப் பையனுடையது போல ஆகிவிட்டது. இசக்கி, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

இதுவரை வாய் திறக்காமலிருந்த வைதேகி தமிழில் மெதுவாகக் கேட்டார். “இசக்கி, இந்தத் தண்ணி எப்படி இருக்கு? உப்பு இருக்கா?”

“சொட்டு உப்பு கெடையாது மேடம்!” அவள் குரலில் பெருமை பொங்கியது. “நானே குடிச்சுப் பாத்தேன். இளநி மாதிரி இருக்கு.”

“நிச்சயமா?”

“நான் தூத்துக்குடிக்காரி மேடம். தண்ணி விஷயத்துல எனக்குத் தப்பாது.”

வைதேகி நாற்காலியில் சாய்ந்தார். முகம் மலர்ந்தது. உண்மையான சந்தோஷம், நடிப்பே இல்லை.

“இசக்கி, நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியலம்மா. மாவு கரைக்கிற தண்ணிய எல்லை தாண்டி லாரில கொண்டு வர்றோம். அதனாலதான் தெற்குப் பாலைவனம் பூரா பூசாம கெடக்கு. உப்புத் தண்ணில கரைச்சா மாவு பழுப்பேறிடும். நல்ல தண்ணி உள்ளூர்லயே கெடைச்சா ரெண்டு மடங்கு பூசலாம். இந்த வருஷம் உங்க ஊர்ல ஐப்பசி மழை நேரத்துக்கு வந்துச்சா இல்லையா? எல்லாம் இந்த மாவாலதான்.” பிறகு இதையே அமைச்சருக்கு ஆங்கிலத்தில் சொல்லித் தொடர்ந்தார். “அமைச்சர் அவர்களே, உங்களுக்கு இரண்டாவது துறைமுக வாசல் வாங்கித் தருவது என் பொறுப்பு. மூன்று மாதத்தில் மாவுக் கலவை நிலையத்தையே தின்காருவுக்கு மாற்றிவிடலாம்.”

மாவு கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்பது இசக்கிக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். தினமும் லாரிகளைப் பார்க்கிறவள். மரத்தையும் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டிருந்த மூளைக்கு அந்த நேரத்தில் அது எட்டவில்லை. படித்த புத்தி சில சமயம் இப்படித்தான் காலை வாரிவிடும்.

“மேடம், அது அவங்க கெணறு,” என்றாள்.

“கெணறை யாரும் தொட மாட்டாங்கம்மா. நாம கீழ பாறைக்கு அடில இருந்துதானே எடுக்கப் போறோம்?”

“மரங்கள்?”

“மரத்து மேல யாரும் கை வைக்க வேண்டாம். அவங்க வழக்கத்த நாம மதிக்கணும்.” வைதேகி அதை மனப்பூர்வமாகவே சொன்னார். “தண்ணி எறங்குனா அது தானா காஞ்சிடும்.”

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். இரண்டு வாசல் என்றால் பட்டினி பாதியாகக் குறையும். அந்தக் கணக்கு அவருக்கு எத்தனை வேகமாக ஓடியிருக்கும் என்று இசக்கியால் ஊகிக்க முடிந்தது. “சம்மதம்,” என்றார் கடைசியில். இசக்கியின் பக்கம் திரும்பவில்லை.

ரொசாரியோ மேசைக்கு அடியில் இசக்கியின் கையை ஒரு தட்டுத் தட்டினார். ஆறுதலா, பாராட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஹலிமத்து எதற்கும் முகம் கொடுக்காமல் நின்றாள்.

கலவை நிலையம் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. ராட்சச மோட்டார்களும் குழாய்களும் இறங்கியபோது தின்காருப் பெண்கள் வழக்கம்போலக் குவளையோடு வந்தார்கள். வந்த ஆட்கள் குடித்தார்கள். குடித்தவர்களில் ஒருவன்கூட எந்த மரத்திலும் கை வைக்கவில்லை. நிழலில் தூங்கக்கூட மரியாதையாக அனுமதி கேட்டார்கள்.

கிணற்றுக் கயிற்றை இரண்டு தடவை நீளமாக்கினார்கள். அப்புறம் நீளமாக்கக் கயிறு இல்லை. கம்பு முதலில் கருகியது. பேரீச்சை மட்டைகள் தொங்கின. வேல மரம் வைராக்கியம் பிடித்தது. அதுவும் கடைசியில் இலையை உதிர்த்து, பக்கத்து நிலையத்திலிருந்து பறந்து வரும் மாவு படிந்து வெளுத்தது. செயற்கைக்கோள் படத்தில் கரும்புள்ளி புளியங்கொட்டையிலிருந்து மிளகாகி, ஒருநாள் காணாமல் போயிற்று. கம்பெனி இசக்கிக்குப் பதவி உயர்வு கொடுத்துச் சென்னைக்கு வரச் சொன்னது. வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவளுக்கு இல்லை. வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

புறப்படுமுன் தின்காருவுக்கு ஒருமுறை போனாள். ஊர்க்காரர்களுக்குக் கம்பெனி ஒரு தொட்டி வைத்துக் கொடுத்திருந்தது. தினம் ஒரு வேளை குழாய் திறப்பார்கள். வரிசையில் ஹலிமத்து நின்றுகொண்டிருந்தாள். முகாம் வேலையை அவள் விட்டு நாளாகியிருந்தது. பக்கத்தில் அவள் மகள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாயின் துணியைப் பிடித்தபடி.

இசக்கி எதை எதையோ சொல்லப் பார்த்தாள். நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்றாள். ரொசாரியோ அன்றைக்கே மரங்களை வெட்டியிருந்தால் கிணறாவது மிஞ்சியிருக்கும் என்று சொல்லி அழுதாள். வரிசை நகர்ந்ததும் ஹலிமத்து குடத்தைக் காலால் ஒரு அடி முன்னே தள்ளினாள்.

“நான் என்னதான் செஞ்சிருக்கணும்னு நெனக்க? சொல்லு ஹலிமத்து. திட்டவாவது செய்.”

“திட்டி என்னக்கா ஆவப்போவுது.”

“இல்ல, சொல்லு.”

ஹலிமத்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இசக்கி தாங்கியிருப்பாள்.

“அந்தம்மா கேட்டாங்கல்லா, தண்ணி உப்பான்னு? ஆமா, உப்புன்னு சொல்லிருக்கலாம். உப்பு வெளையுற ஊர்க்காரி நீ. நீ சொன்னா நம்பிருப்பாங்க.”

குழாயில் தண்ணீர் வந்தது. ஹலிமத்து குடத்தைத் தூக்கிக்கொண்டு, மகளை முன்னால் விட்டு நடந்தாள்.